எந்தக் கணக்குல கழிச்சீங்க

இல்ல தம்பி, மொதல்ல உக்காரு. நின்னுகினே சத்தம் போட்டா தெருவே எட்டிப் பாக்கும், ஏற்கெனவே பாத்தது போதும். அந்தச் சேர இழுத்துப் போட்டுக்கோ. ஒரு காலு ஆடும், செவுத்தோரமா சாச்சுக்கோ. நான் ஸ்கிரீனுக்கு இந்தப் பக்கத்துலேந்தே பேசறேன், தப்பா நெனைக்காத. கேக்குதில்ல? உன் பேரு இன்னா சொன்ன? தர்மராஜா. எந்த ஊரு? செய்யூரா. அங்கேந்து மாமல்லபுரத்துக்கு இந்த வெயில்ல பைக்கு ஓட்டிகினு வந்துகீற, அடுத்தவன் வூட்டு வாசல்ல நின்னு மானத்த வாங்கறதுக்கு. நல்ல வேலதான்.

கோச்சிக்காத. மனசுல வர்றத அப்படியே சொல்லிடுவேன், என் சுபாவம் அது. ஷேக் தாவூத்த கூப்பிடு, ஷேக் தாவூத்த கூப்பிடுன்னு ஏன் அதையே சொல்லிகினுகீற? அவரு பொஞ்சாதி நானு, அமீனா பீவி. உனக்கு வேண்டியது துட்டுதானே? துட்டு என் முந்தானையில முடிஞ்சு கீது. இன்னிக்கே தரேன். ஆனா ஒண்ணு. உங்க பேங்க்கு கணக்குலேந்து அவரு பேரு போயிடணும். அடியோட போயிடணும். நாளைக்கு இன்னொருத்தன் வேற சட்டைய மாட்டிகினு வந்து, ஷேக் தாவூத் பாக்கின்னு வாசல்ல நிக்கக் கூடாது. அதுக்கு நீ பொறுப்பு ஏத்துக்கணும். அப்பறம்தான் முடிச்ச அவுப்பேன்.

டீ குடிக்கறியா? வேணாமா. சரி, தண்ணி பக்கத்துல சொம்புல கீது, எடுத்துக்கோ.

உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ற. லிஸ்ட்டு குடுத்தாங்க, வந்தேன்னு சொல்ற. அதான் எனக்கு அருவருப்பா கீது. வர்றவன் எல்லாரும் இதையேதான் சொல்றான். வித்தவனுக்கு வசூல் தெரியாது, வசூல் பண்றவனுக்கு வித்தது தெரியாது, போன்ல பேசற பொண்ணுக்கு ரெண்டுமே தெரியாது. அப்ப யாருக்குதான்பா தெரியும்? நீயாவது கேட்டுக்கோ.

சுனாமி வந்துட்டுப் போச்சே, அதுல எங்க கடையில இருந்த பழைய பிரிட்ஜ் போச்சு. பீச்சுக்குப் போற ரோட்டுல தொப்பி, கண்ணாடி, பையி, கூல் டிரிங்ஸ் வெச்சு வியாபாரம். கூல் டிரிங்ஸ் இல்லன்னா தொப்பி வாங்கறவனும் உள்ள வர மாட்டான். மறு வருஷம் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பையன் குடை கட்டி, டேபிள் போட்டு, கழுத்துல டை மாட்டிகினு உக்காந்திருந்தான். இவர பாத்ததும், வாங்க பாய், உங்க ஆளுங்களுக்குன்னே ஒரு கிரெடிட் கார்டு வந்துகீது, வட்டியே இல்ல, ஜீரோ, பெரிய ப்ரீசரே வாங்கிக்கலாம், ஒரு வருஷத்துல மெதுவா கட்டலாம்னான். உங்க ஆளுங்களுக்குன்னே, அப்படின்னு சொன்னான் தம்பி. எங்களுக்கு வட்டி ஆவாதுன்னு தெரிஞ்சுகினு, அத வெச்சே தூண்டில் போட்டான் பாரு.

அவரு ஒடனே வாங்கிடல. பள்ளிவாசல்ல தொழ வெக்கற ஹஜ்ரத்தாண்ட போயி கேட்டாரு. அவரு சொன்னாரு, வட்டி இல்லன்னா தப்பு இல்ல, ஆனா பின்னால வட்டி வரும்னு எங்கயாவது எழுதிகீதான்னு நல்லா கேட்டுக்கோன்னு. இவரும் திரும்பப் போயி கேட்டாரு. அந்தப் பையன் பாய், நானே காரண்டின்னான். பேப்பர்ல எறும்பு சைஸ்ல இங்கிலீஷு. நான் அஞ்சாவதோட நின்னவ, அவரு எட்டாவது. எங்க ரெண்டு பேரையும் சேத்தாலும் அந்த எறும்புல ஒண்ணக் கூட புடிக்க முடியாது. கையெழுத்துப் போட்டாரு. ப்ரீசரு பதினெட்டாயிரம். மாசம் ஆயிரத்தி ஐநூறு. கணக்கு சுத்தமா கீதுல்ல?

இரு, அவசரப்படாத. இங்கதான் வில்லங்கமே.

ரெண்டாவது மாசம் அவருக்கு சக்கரையில கால்ல புண்ணு. செங்கல்பட்டுல ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம். கையில ரொக்கம் பத்தல. கவுண்டர்ல இருந்தவன் கார்டு கீதான்னு கேட்டான், இவரு நீட்டிட்டாரு. ஆறாயிரம். அதுக்கு ஜீரோ கெடயாது, வட்டி உண்டுன்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் அந்த மாசமே கட்டிடணும்னு துடிச்சாரு. கால்ல கட்டோட, மச்சினன்கிட்ட கைமாத்து வாங்கி, பில்லு வந்த ஒடனே ஏழாயிரத்தி ஐநூறுக்கு செக்கு எழுதினாரு. கெடு தாண்டல. ஆஸ்பத்திரிக்கு ஆறாயிரம், ப்ரீசருக்கு ஆயிரத்தி ஐநூறு. செக்கு பின்னாடி அதைத் தமிழ்ல அழகா எழுதினாரு. இது எதுக்கு, அது எதுக்குன்னு. பஸ் ஏறி செங்கல்பட்டு போயி, உங்க பேங்க்கு பொட்டியில போட்டுட்டு வந்தாரு. வந்து என்னாண்ட சொன்னாரு, அமீனா, வட்டி நம்ம வூட்டு வாசப்படி ஏறல, அல்லா காப்பாத்திட்டான்னு.

ஏன் சிரிக்கற? செக்கு பின்னாடி எழுதறது உனக்கு சிரிப்பா கீதா? அவரு முப்பது வருஷமா மண்ணடியில சரக்கு எடுத்தவரு. அங்க மொத்தக் கடையில நம்ம பேர்ல ரெண்டு பில்லு நிக்குதுன்னா, துட்டு நீட்டும்போதே கேப்பாங்க, எந்த பில்லுக்கு பாய்னு. நீ சொல்ற பில்ல குறுக்க அடிச்சு உன் கையில குடுத்துடுவாங்க. குடுக்கறவன் சொல்றதுதான் கணக்கு. கேக்காம அவன் இஷ்டத்துக்கு வேற பில்லுல கழிச்சான்னா, மறுநாள் அந்தத் தெருவுல அவன் கடை தொறக்க முடியாது. அவருக்குத் தெரிஞ்ச வியாபாரம் அதான். பேங்க்குன்னா இன்னும் ஒழுங்கா இருப்பான்னு நெனச்சாரு.

அப்பறம் மாசா மாசம் ஆயிரத்தி ஐநூறு. ஒரு மாசம் தவறினதில்ல. சீசன் இல்லாத மழ மாசத்துல கூட, ஒரு தொப்பி விக்காத நாள்ல கூட. வருஷம் முடிஞ்சுது. கார்ட கத்திரிக்கோலால நாலா வெட்டி குப்பையில போட்டாரு. அடுத்த மாசம் ஒரு பேப்பர் வருது, ஆயிரத்தி எண்ணூறு பாக்கின்னு. ஏதோ தப்பா வந்துடுச்சுன்னு ஓரமா வெச்சாரு. அதுக்கு அடுத்த மாசம் ரெண்டாயிரத்து சொச்சம்.

மாடியில ஹரிப்ரியான்னு ஒரு பொண்ணு வாடகைக்கு கீது, சிறுசேரியில கம்ப்யூட்டர் ஆபீசுல வேல. அதாண்ட எல்லா பேப்பரையும் குடுத்தேன். அது ஒவ்வொண்ணா படிச்சுட்டு என் மூஞ்சியவே பாத்துது. ஆன்ட்டி, நீங்க கட்டற காச எதுக்கு வட்டி கம்மியோ அதுல மொதல்ல கழிச்சிருக்காங்க, வட்டி ஓடறத அப்படியே வுட்டு வெச்சிருக்காங்க, அப்படின்னுது. எனக்குப் புரியல. மறுபடி சொல்லுன்னேன். அந்த ஏழாயிரத்தி ஐநூறும் ப்ரீசருக்கே போயிடுச்சாம். ஆஸ்பத்திரி ஆறாயிரம் அப்படியே நின்னுகினு, மாசம் மூணு பைசா வட்டி தின்னுகினு, அது பாட்டுக்கு வளந்துகினு இருந்துதாம். ப்ரீசரு நாலு மாசம் முந்தியே தீந்துடுச்சு, அப்பறம்தான் மிச்சக் காசு ஆஸ்பத்திரி பக்கம் போச்சு. அதுக்குள்ள அது குட்டி போட்டுடுச்சு.

நான் அந்தப் பொண்ணாண்ட சொன்னேன். ரெண்டு அடுப்பு கீது. ஒண்ணுல பாலு பொங்கி வழியுது. இன்னொண்ணுல பச்சத் தண்ணி, அடுப்பே பத்த வெக்கல. ஐயோ பால எறக்குடின்னு நான் கத்தறேன். நீ வந்து சாவகாசமா பச்சத் தண்ணிய எறக்கி வெச்சுட்டு, எறக்கிட்டேன் ஆன்ட்டின்னு சொன்னா உன்ன நான் இன்னா பண்றது? அதுக்கு அந்தப் பொண்ணு, பாலு பொங்கினா அவங்களுக்குதானே லாபம் ஆன்ட்டின்னுது.

சீ. இதுவும் ஒரு பொழப்பா? ஜேப்படி அடிக்கறவன் கூட நம்ம பாக்காதப்பதான் கைய வுடுவான். இவன் நம்மள எதிர்ல நிக்க வெச்சு, கையெழுத்து வாங்கி, பொட்டியில போட சொல்லி, அப்பறம் அடிக்கறான். செங்கல்பட்டு மார்க்கெட்டுல மீட்டர் வட்டிக்கு வுடறானே, அவன் ரவுடி. ஆனா அவனாண்ட போயி இது அசலுக்குன்னு சொன்னா, முடியாது, வட்டிக்குதான் வெப்பேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவான்.

இன்னா? பேப்பர்ல எழுதிகீதா? ரூல்ஸ்ல கீதா? ஆமாம்பா, கீதாம். அந்தப் பொண்ணும் காட்டிச்சு. பதினேழாவது பக்கத்துல. அத அந்த டை கட்டின பையன் குடைக்குக் கீழ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இவரு எழுந்து வந்திருப்பாரு. அதான் சொல்லல.

அவரு சும்மா வுடல. போன் போட்டாரு. ஒண்ண அமுக்கு, நாலு அமுக்குன்னு அது அலைய வுட்டு, பாட்டுப் போட்டு, கடைசியா ஒரு பொண்ணு வந்துது. செக்கு பின்னாடி எழுதிகீறேனே தாயி, படிக்கலையான்னு கேட்டாரு. அத யாரும் படிக்க மாட்டாங்க சார், சிஸ்டம் தானா கழிச்சுக்கும்னுது. சரி, அந்த சிஸ்டத்தாண்ட போன குடும்மா, எனக்குத் தமிழ்ல பேசினா போதும்னாரு. அந்தப் பொண்ணு வெச்சுடுச்சு. அன்னிக்கு அவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். அதுதான் இந்த விஷயத்துல நாங்க சிரிச்ச கடைசி சிரிப்பு.

அதுக்கப்பறம் அவருக்கு ஒரே புடி. நான் வாங்கின ஆறாயிரத்தையும் குடுத்துட்டேன், பதினெட்டாயிரத்தையும் குடுத்துட்டேன். நிக்கறது பூரா வட்டி. வட்டி வாங்கறதும் பாவம், குடுக்கறதும் பாவம். என் கையால ஒரு பைசா குடுக்க மாட்டேன்னு உக்காந்துட்டாரு. நான் கெஞ்சினேன். ஆயிரத்தி எண்ணூறுதானே, மூஞ்சியில வுட்டெறிஞ்சுட்டு பேஜாரு வுட்டுதுன்னு இருப்போம்னேன். கேக்கல. ப்ரீசர்லேந்து ஒரு கிளாஸ் தண்ணி எடுத்துக் குடிக்க மாட்டாரு. ப்ரீசருக்கு வட்டி இல்லயே, ஆஸ்பத்திரிக்குதானேன்னு நான் சொன்னா, கொழம்புல பல்லி வுழுந்தா எந்தப் பக்கம் வுழுந்துதுன்னு பாத்தா ஊத்திப்பன்னு கேட்டாரு. நானும் அதுக்கப்பறம் குடிக்கல. எங்க கடையிலயே எதிர்க் கடை தண்ணி வாங்கிக் குடிச்சுகினு இருந்தோம்.

நீங்க சும்மா இருந்தீங்களா? லேட்டுன்னு ஒரு அபராதம். அபராதத்துக்கு வட்டி. வட்டிக்கு சர்வீஸ் டாக்ஸு. ஆயிரத்தி எண்ணூறு ஒம்போதாயிரத்து நானூறா ஆயிடுச்சு. அப்பறம் உனக்கு முந்தி வந்தானே ஒருத்தன், கூலிங் கிளாஸ் மாட்டிகினு, கூட ஒரு தடியன். வூட்டுக்கு வரல, நேரா கடைக்குப் போனான். வெள்ளக்காரங்க நாலு பேரு தொப்பி பாத்துகினு நிக்கறாங்க. அவங்க எதிர்ல, இன்னா பாய், வாங்கும்போது இனிக்குது, குடுக்கும்போது மதம் குறுக்க வருதான்னு கேட்டான். பக்கத்து சிற்பக் கூடத்துல பத்து பேரு வேல செய்வாங்க, காலையிலேந்து சாய்ந்தரம் வரைக்கும் டொக்கு டொக்குன்னு உளி சத்தம் ஓயாது. அது நின்னு போச்சு. அத்தினி பேரும் கைய நிறுத்திகினு எங்க கடையப் பாத்தாங்க. அவரு வெள்ளக்காரங்க கழட்டி வெச்ச தொப்பிய எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிகினே இருந்தாராம். வூட்டுக்கு வந்து சோறு வேணாம்னு படுத்துட்டாரு.

நீ அவன் இல்லன்னு எனக்குத் தெரியும். நீ சேர்ல ஒக்காந்து காது குடுத்துக் கேக்கற. அவன் கேட்டிருக்க மாட்டான்.

இந்த துட்டு எங்கேந்துன்னு கேக்கறியா? ப்ரீசர வித்துட்டேன். மீன்கார எல்லம்மா வாங்கிகினா. நல்ல ஓடற ப்ரீசரு, அடிமாட்டு வெலைக்குக் கேட்டா, குடுத்துட்டேன். நோட்டுல மீன் கவுச்சி அடிக்கும், கண்டுக்காத. உங்க சிஸ்டத்துக்கு மூக்கு இருக்காது.

இன்னா சொன்ன? நாலாயிரத்து ஐநூறு குடுத்தா போதுமா? செட்டில்மெண்ட்டா? மிச்சத்த தள்ளுபடி பண்ணிடுவீங்களா? பாரேன், இத்தினி நாளா ஒரு ரூபா குறைக்க மாட்டேன்னு தெருவுல நின்னு கத்தினீங்க, இப்ப பாதிக்குப் பாதி. அப்ப அது மொதல்லயே பொய்த் துட்டுதானே? சும்மா ஏத்தி வெச்ச துட்டுதானே?

வேணாம் தம்பி. முழுசா வாங்கிக்கோ.

லூசு மாதிரி பாக்காத. எனக்குப் புத்தி நல்லாத்தான் கீது. தள்ளுபடின்னு சொல்றியே, யாரு தள்ளறது? அந்த ஆளு பேரு இன்னா? அவரு வாயத் தொறந்து, ஷேக் தாவூதுக்கு நான் விட்டுக்குடுத்துட்டேன்னு சொல்லுவாரா? மாட்டாரு. ஆளே கெடயாது. அப்பறம் ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒருத்தன் வருவான், அன்னிக்குத் தள்ளின பாதி இன்னும் கணக்குல நிக்குதும்மான்னு. ஹரிப்ரியா சொல்லிச்சு, செட்டில்மெண்ட்டுன்னா அந்தப் பேருக்கு நேரா ஒரு கறுப்பு புள்ளி வெச்சே வெச்சிருப்பாங்களாம். அது எனக்கு வேணாம். ஒரு பைசா பாக்கி இல்லன்னு எழுதிக் குடு. அவ்ளோதான்.

எழுதறதுக்கு அவரு கையெழுத்து வேணுமா?

அது முடியாதேப்பா. போன வியாழக்கிழம அஸர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம் பண்ணிட்டோம்.

எழுந்துக்காத, உக்காரு. நெஞ்சு வலி. கடையிலயேதான். உங்க போனால, அந்த ஆளு பேசினதால அப்படின்னெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஆயுசு அவ்ளோதான் எழுதிகீது. நீ மூஞ்சிய அப்படி வெச்சுக்காத, நீ எனக்கு ஒண்ணும் பண்ணல.

எங்களுக்குள்ள ஒரு வழக்கம் கீது தம்பி. எடுத்துகினு போறதுக்கு முந்தி, ஜனங்க எதிர்ல சொந்தக்காரங்க நின்னு கேக்கணும். இவரு யாருக்காவது கடன் தரணும்னா எங்களாண்ட வந்து கேளுங்க, இல்லன்னா விட்டுக்குடுங்கன்னு. ஏன்னா கடன் நின்னுகினு இருந்தா, போனவரு அங்க போயி சேர முடியாம நடுவுலயே நிப்பாரு. எங்க கொழுந்தனாரு பள்ளிவாசல்ல நின்னு கேட்டாரு. யாரும் கேக்கல. காய் விக்கற வேண்டா மட்டும் வூட்டுக்கே வந்தா. பாய் எனக்கு நூறு ரூபா தரணும், நான் விட்டுட்டேன், அவரு நல்லா போவட்டும்னு சொல்லி அழுதுட்டுப் போனா. முடிஞ்சுது பாரு, ஒரு வார்த்தையில.

பாக்கி உங்க பேங்க்கு ஒண்ணுதான். நீங்க வருவீங்க வருவீங்கன்னு ஒரு வாரமா வாசலையே பாத்துகினு கீறேன். துட்டு கேட்டு உங்க ஆபீசுலேந்து தெனம் அடிச்ச போனு, அவரு போனதுலேந்து அடிக்கவே இல்ல. நானே உங்கள தேடிகினு வரலாம்னா, புருஷன் போனவ நாலு மாசம் பத்து நாளு வெளிய வரக் கூடாது, அதான் இந்த ஸ்கிரீனும். பைக்கு சத்தம் கேட்டதும் மொதல்ல அல்லாவுக்குதான் நன்றி சொன்னேன். அப்பறம்தான் உன்னத் திட்டினேன்.

ஹஜ்ரத்து சொல்றாரு, அது வட்டி, கடனே இல்ல, நீ பயப்படாதன்னு. அவரு ஓதினவரு, சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்குத் தூக்கம் வரலயே. உங்க கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள அவரு பேரு கடன்காரன்னு எழுதிகினு நிக்குதே. அத நெனச்சுகினே நான் எப்படி சாவேன்?

வட்டி குடுக்கறது பாவம்தான். குடுக்கறது நானு. அவரு கடைசி வரைக்கும் ஒரு பைசா வட்டி குடுக்கல, அது அவருக்கு அங்க எழுதியாச்சு, யாராலயும் மாத்த முடியாது. இது என் துட்டு, என் கை. பாவம் என் பேருல ஏறட்டும், நான் அங்க போயி பதில் சொல்லிக்கறேன்.

இந்தா. ஸ்கிரீனுக்குக் கீழ வெச்சுட்டேன், எடுத்து எண்ணிக்கோ. ரசீதுல ஷேக் தாவூத், பாக்கி இல்லன்னு போடு. தமிழ்லயே போடு. கீழ கையெழுத்து நான் போடறேன். பேனாவ இங்க தள்ளு, எழுத்துக் கூட்டிப் போடணும், கொஞ்ச நேரம் ஆவும்.